பட்டியல் இருந்தது, பார்க்கத்தான் முடியவில்லை: அமெரிக்கத் தேர்தல் நன்கொடைக் கணக்கின் கதை

அமெரிக்க காங்கிரஸுக்குப் போட்டியிடும் ஒருவருக்கு (காங்கிரஸ் என்றால் அங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம்) யார் யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்று ஒரு நிமிடம் போதும். கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்துக்குப் போய் வேட்பாளர் பெயரைத் தட்டினால் போதும். கொடுத்தவர் பெயர், ஊர், அஞ்சல் குறியீடு, எந்த நிறுவனத்தில் என்ன வேலை, எந்தத் தேதியில் எத்தனை டாலர், எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மொத்தத் தரவும் வேண்டுமென்றால் ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம். பைப் குறியால் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். காசு கிடையாது, லாகின் கிடையாது.

மென்பொருள் வேலை பார்க்கிறவனுக்கு இப்படி ஒரு ஃபைலைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, இந்த நெடுவரிசைகளை யார் தீர்மானித்தார்கள் என்பதுதான். அதைத் தேடிப் போனபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது சட்டத்தின் வயது. நன்கொடைக் கணக்கைக் காட்டச் சொல்லும் முதல் கூட்டாட்சிச் சட்டம் 1910-ல் வந்துவிட்டது. ஆனால் அடுத்த அறுபது வருஷத்துக்கு ஒரு சாதாரண வாக்காளரால் அதிலிருந்து உருப்படியாக எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. சட்டம் இருந்தது, படிவம் இருந்தது, பட்டியல்கூட இருந்தது. அப்புறம் என்னதான் இல்லை?

பாலிசிதாரர்களின் பணம்

கொஞ்சம் பின்னாடி போகலாம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கட்சிகளுக்குப் பெரிய வருமானம் அரசு ஊழியர்களிடமிருந்து வந்தது. ஜெயித்த கட்சி வேலை போட்டுக்கொடுக்கும். வேலை கிடைத்தவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். 1867-ல் கடற்படைக் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களிடம் இப்படி வசூல் பண்ணுவதைத் தடை செய்தார்கள். 1881-ல் அதிபர் கார்ஃபீல்டை, அரசு வேலை கேட்டுக் கிடைக்காத ஒருவன் சுட்டான். அதன் பிறகு 1883-ல் வந்த பென்டில்டன் சட்டம், கூட்டாட்சி ஊழியர்களிடம் வசூலிப்பதைத் தடுத்தது.

இந்தக் குழாயை அடைத்ததும் கட்சிகள் பெரிய கம்பெனிகள் பக்கம் திரும்பின. 1896-ல் வில்லியம் மெக்கின்லியின் பிரச்சாரத்தை நடத்திய மார்க் ஹன்னா, வங்கிகளிடம் மூலதனத்தில் கால் சதவீதம் என்று கிட்டத்தட்ட வரி மாதிரியே நிர்ணயித்து வாங்கினார். ஸ்டாண்டர்ட் ஆயில் மட்டும் 2,50,000 டாலர் கொடுத்தது.

இது வெளியே தெரிந்து பெரிய சத்தம் கிளம்பியது 1905-ல். நியூயார்க் மாநில சட்டமன்றம் இன்சூரன்ஸ் கம்பெனிகளை விசாரித்தது. குறுக்கு விசாரணை செய்த வழக்கறிஞர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனவர். நியூயார்க் லைஃப் நிறுவனம் 1904-ல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பிரச்சாரத்துக்காக 48,000 டாலருக்கு மேல் கொடுத்தது இந்த விசாரணையில் வெளிவந்தது. குடும்பத் தலைவன் செத்தால் பெண்டாட்டி பிள்ளைக்கு ஆகும் என்று மாசாமாசம் கட்டிய பிரீமியப் பணம் அது. தன் காசு எந்தக் கட்சிக்குப் போனது என்று பாலிசிதாரருக்கே தெரியாது.

இதன் விளைவாக 1907-ல் டில்மன் சட்டம் வந்தது. கம்பெனிகளும் தேசிய வங்கிகளும் கூட்டாட்சித் தேர்தலுக்கு நன்கொடை தரக்கூடாது. தடை சரி, ஆனால் கண்காணிக்க ஆள் கிடையாது, கணக்குக் கேட்கவும் விதி கிடையாது. கம்பெனி கொடுக்காமல் கம்பெனி அதிகாரி தன் பெயரில் கொடுப்பார்; பிறகு போனஸாக அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். "தடை மட்டும் போதாது, யார் கொடுத்தது என்று எழுதி வை" என்கிற கோரிக்கை இதிலிருந்துதான் வலுத்தது. 1910-ல் வந்த சட்டத்துக்குப் பெயரே விளம்பரச் சட்டம். விளம்பரம் என்றால் இங்கே ஊரறியச் செய்வது என்று பொருள்.

அந்த 1910 சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்கைத் தேர்தல் முடிந்து முப்பது நாளுக்குள் கொடுத்தால் போதும். ஓட்டுப் போட்டு முடித்த பிறகு, நீ ஓட்டுப் போட்டவருக்குப் பணம் கொடுத்தது இன்னார் என்று சொல்வது! அடுத்த வருஷமே, 1911-ல், தேர்தலுக்கு முன்பே ஒரு கணக்கு தரவேண்டும் என்று திருத்தினார்கள். பிரதிநிதிகள் சபை வேட்பாளருக்கு 5,000 டாலர், செனட் வேட்பாளருக்கு 10,000 டாலர் என்று செலவுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலையும் சேர்த்தார்கள்.

கிளார்க் அலுவலக அலமாரி

அந்தப் பிரைமரி விதி பத்து வருஷம்தான் தாங்கியது. 1918-ல் மிச்சிகனில் செனட் இடத்துக்கு ஹென்றி ஃபோர்டை எதிர்த்து நின்ற ட்ரூமன் நியூபெரி, வரம்பை எங்கேயோ தாண்டிச் செலவழித்து ஜெயித்தார். வழக்கில் தண்டனையும் கிடைத்தது. 1921-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிரைமரி என்பது கட்சியின் சொந்த விவகாரம், அதில் காங்கிரஸ் தலையிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் அப்போது ஒரே கட்சிதான். அங்கே பிரைமரியில் ஜெயித்தாலே பதவி உறுதி. அதாவது உண்மையான போட்டி எங்கே நடக்கிறதோ, அங்கே கணக்கு காட்ட வேண்டியதில்லை.

டீபாட் டோம் எண்ணெய் ஊழலுக்குப் பிறகு 1925-ல் வந்த ஊழல் நடவடிக்கைகள் சட்டம் இந்தத் துறையின் அடிப்படைச் சட்டமாக 1972 வரை இருந்தது. காகிதத்தில் படித்தால் நன்றாகத்தான் இருக்கும். 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவரின் பெயர், முகவரியை அரசியல் குழுக்கள் எழுத வேண்டும், வேட்பாளர்களும் கணக்குத் தர வேண்டும் என்றது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஓட்டைகள் வரிசை கட்டி நிற்கும்.

பிரைமரி சேராது. ஒரே மாநிலத்துக்குள் மட்டும் வேலை செய்யும் குழு கணக்குத் தரவேண்டாம். வேட்பாளர் தன் "அறிவுடனோ சம்மதத்துடனோ" வந்த பணத்தை மட்டும் எழுதினால் போதும். "எனக்காக நண்பர்கள் ஒரு குழு நடத்துகிறார்கள், அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வரவு பூஜ்யம், செலவு பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. பிரதிநிதிகள் சபை வேட்பாளரின் கணக்கு சபையின் கிளார்க் அலுவலகத்துக்குப் போகும். செனட் வேட்பாளருடையது செனட்டின் செயலர் அலுவலகத்துக்கு. இரண்டுமே உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் பதவிகள். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களே கண்காணிப்பவரின் முதலாளி. வந்த தாளைச் சரிபார்க்கும் கடமையோ, கூட்டிப் பார்த்து வெளியிடும் கடமையோ அந்த அலுவலகத்துக்கு இல்லை. வாங்கி வைக்க வேண்டும், இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்ம பாஷையில் சொன்னால், உள்ளே எழுதலாம், வெளியே படிக்க வழியில்லை, இரண்டு வருஷத்தில் தானாகவே அழிந்தும் போகும்.

இந்த அலமாரி எவ்வளவு உதவியது என்பதற்கு 1926 நல்ல சாட்சி. இல்லினாய்ஸில் செனட் பிரைமரியில் ஜெயித்த ஃபிராங்க் ஸ்மித்துக்கு, மின்சாரக் கம்பெனிகளின் அதிபர் சாமுவேல் இன்சல் குறைந்தது 1,25,000 டாலர் கொடுத்திருந்தார். ஸ்மித் அப்போது மாநிலத்தின் வணிக ஆணையத் தலைவர். இன்சலின் கம்பெனிகள் என்ன கட்டணம் வசூலிக்கலாம் என்று முடிவு செய்யும் இடம் அது. இந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தது செனட்டின் சிறப்பு விசாரணைக் குழு. பணம் கைமாறியது பிரைமரியில், அதனால் 1925 சட்டத்தின் படிவத்துக்குள் அது வரவே தேவையில்லை. செனட் கடைசியில் ஸ்மித்தை உள்ளே விடவில்லை.

அந்த அறுபது வருஷத்தில் இந்தத் தாள்களை மதித்துப் படித்தவர்கள் ஒரு சில ஆய்வாளர்கள். லூயிஸ் ஓவராக்கர் என்ற பெண் பேராசிரியர் 1932-லேயே தேர்தல் பணத்தைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். பிறகு அலெக்ஸாண்டர் ஹேர்ட், ஹெர்பர்ட் அலெக்ஸாண்டர் என்று ஒரு சிறு வரிசை. இன்று ஒரு வினவல் எழுதிப் பத்து நொடியில் எடுக்கும் கூட்டுத்தொகைக்காக இவர்கள் மாசக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

1960-களின் கடைசியில் சபையின் கிளார்க்காக இருந்த பாட் ஜென்னிங்ஸ், முன்னாள் உறுப்பினர், கணக்குத் தராதவர்களின் பட்டியலை நீதித்துறைக்கு அனுப்பிப் பார்த்தார். ஒரு வழக்கும் போடவில்லை. 1967-ல் அதிபர் லிண்டன் ஜான்சனே இதைச் சட்டம் என்பதைவிட ஓட்டை என்றுதான் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி காங்கிரஸிடம் சொல்லிவிட்டார்.

1972 ஏப்ரல் 7

புதுச் சட்டத்தில் 1972 பிப்ரவரி 7 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டார். 100 டாலருக்கு மேல் கொடுத்தவர் பெயர், முகவரியோடு தொழிலும் வேலை செய்யும் இடமும் எழுத வேண்டும். பிரைமரியும் சேரும், மாநிலக் குழுவும் சேரும். இன்றைய ஃபைலில் பார்க்கும் நெடுவரிசைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து வந்தவைதான்.

சட்டம் அமலுக்கு வரும் நாள் ஏப்ரல் 7. இடையில் இரண்டு மாசம். இந்த இடைவெளியில் என்ன நடந்தது தெரியுமா? நிக்சனின் நிதிப் பொறுப்பாளர் மாரிஸ் ஸ்டான்ஸ் நாடு முழுக்கச் சுற்றினார். 7-ஆம் தேதிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், பெயர் வெளியே வராது என்பதுதான் பேச்சு. கெடுவுக்கு முன் சேர்ந்த பணம் சுமார் 2 கோடி டாலர். கொடுத்தவர் பட்டியல் ஒன்றை நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்தார். அப்போது பிரபலமாக இருந்த பேய்ப்படம் ஒன்றின் பெயரை வைத்து உள்ளே இருந்தவர்கள் அந்தப் பட்டியலை "ரோஸ் மேரியின் குழந்தை" என்று அழைத்தார்கள்.

ஆனால் ஒரு காசோலை தேதியில் மாட்டிக்கொண்டது. மினசோட்டா தொழிலதிபர் டுவேன் ஆண்ட்ரியாஸ் கொடுத்த 25,000 டாலரை, நிதி திரட்டிய கென்னத் டால்பெர்க் வங்கிக் காசோலையாக மாற்றினார். தேதி ஏப்ரல் 10. அந்தக் காசோலை மயாமியில் பெர்னார்ட் பார்க்கரின் வங்கிக் கணக்கில் போய் விழுந்தது. ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டிடத்துக்குள் பிடிபட்ட ஐந்து பேரில் பார்க்கர் ஒருவர். ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் போஸ்ட் இதை வெளியிட்டது. உடனே நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் களத்தில் இறங்கியது; நான்கு மாசம்கூட வயதாகாத சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. ஒரு திருட்டு வழக்குக்கும் நிக்சனின் பிரச்சார நிதிக்கும் நடுவே முதல் கோடு போட்டது இந்தப் பணத் தடம்தான்.

காமன் காஸ் என்ற குடிமக்கள் அமைப்பு, ஏப்ரல் 7-க்கு முந்தைய பட்டியலையும் காட்டு என்று வழக்குப் போட்டது. முழுப் பட்டியல் கையில் கிடைத்தது 1973-ல், தேர்தல் முடிந்து நிக்சன் மறுபடி பதவியேற்ற பிறகு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், குட்இயர், கல்ஃப் ஆயில் என்று பல கம்பெனிகள் சட்டவிரோதமாகக் கம்பெனிப் பணம் கொடுத்தது அந்த வருஷம்தான் வெளிவந்தது. 1907 முதல் தடை செய்யப்பட்ட அதே காரியம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு டாலர்

வாட்டர்கேட் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே 1972-ல் காங்கிரஸ் வேட்பாளர்களின் கணக்கில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. காமன் காஸ் தன்னார்வலர்கள் வேட்பாளர் கணக்குகளைத் திரட்டக் கிளம்பினார்கள். சபை நிர்வாகக் குழுவின் தலைவர் வேய்ன் ஹேய்ஸ், கிளார்க் அலுவலகத்தில் நகல் எடுக்க ஒரு பக்கத்துக்கு ஒரு டாலர் என்று கட்டணம் வைத்தார். சட்டத்தை மீறவே இல்லை, பாருங்க. ஆவணம் திறந்துதான் இருக்கு. ஆயிரக்கணக்கான பக்கத்தை எடுக்க முடிஞ்சா எடுத்துக்கோ. எதிர்ப்புக்குப் பிறகுதான் கட்டணம் இறங்கியது.

1974 திருத்தம் தேர்தல் ஆணையத்தை உருவாக்கியது. ஆறு உறுப்பினர்கள், ஒரு கட்சியைச் சேர்ந்தவர் மூன்று பேருக்கு மேல் கூடாது, எதையும் முடிவு செய்ய நான்கு ஓட்டு வேண்டும். இரு தரப்பும் ஒத்துப்போனால்தான் நகரும். போதிய உறுப்பினர் இல்லாவிட்டால் நின்றேவிடும். 2019-லும் 2025-லும் அப்படி நின்றது. ஆனாலும் கணக்குகளை வாங்கி வெளியிடுவது ஆணைய ஊழியர்களின் அன்றாட வேலை. அந்தச் சண்டை நடக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

ஆணையம் வந்த பிறகும் பிரதிநிதிகள் சபை வேட்பாளர்கள் 1995 முடியும் வரை கிளார்க்கிடம்தான் தாக்கல் செய்தார்கள். பெரிய குழுக்கள் மின்னணு முறையில்தான் தரவேண்டும் என்ற விதி 2001-ல் வந்தது. செனட்டுக்கு மட்டும் விலக்கு. அதன் பிறகு நடந்ததைக் கேட்டால் எந்த மென்பொருள்காரருக்கும் தலை சுற்றும். செனட் வேட்பாளரின் அலுவலகத்தில் கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருப்பார்கள். அதை அச்செடுத்து செனட் செயலரிடம் கொடுப்பார்கள். அவர்கள் அதை ஸ்கேன் செய்து ஆணையத்துக்கு அனுப்புவார்கள். ஆணையம் காசு கொடுத்து ஆள் வைத்து, அதை மறுபடி கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும். டேட்டா கிளம்பிய இடமும் கம்ப்யூட்டர், சேரும் இடமும் கம்ப்யூட்டர், நடுவில் வாரக்கணக்கில் தாள். அக்டோபர் நடுவில் தரும் காலாண்டுக் கணக்கைத் தேடக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குள் நவம்பர் தேர்தலே வந்துவிடும்.

இதை மாற்றும் மசோதா வருஷா வருஷம் வந்து வருஷா வருஷம் செத்தது. எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராத மசோதா, ஆனால் நிறைவேறாது. ஒருவழியாக 2018 செப்டம்பரில் ஒரு செலவின மசோதாவுக்குள் இணைத்து நிறைவேற்றினார்கள். சபையைவிட பதினேழு வருஷம் பின்தங்கி.

பெயர் வெளிவந்தால் யாருக்கு ஆபத்து?

எல்லாவற்றையும் திறந்து வைத்தால் நல்லது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1956-ல் அலபாமா மாநிலம், கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. கொடுத்திருந்தால் பட்டியலில் இருந்தவர்களுக்கு வேலை போயிருக்கும், சிலருக்கு உயிரே போயிருக்கலாம். 1958-ல் உச்ச நீதிமன்றம் தரவேண்டாம் என்றது. 1976-ல் பக்லி வழக்கில் அதே நீதிமன்றம் நன்கொடை வெளிப்பாட்டை ஏற்றுக்கொண்டபோது இந்தப் பழைய தீர்ப்பை மறக்கவில்லை. 1982-ல் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்கு விலக்கே அளித்தது. அந்தக் கட்சியை எஃப்.பி.ஐ. பல வருஷமாக வேவு பார்த்து வந்தது. ஆதரவாளர்கள் என்று தெரிந்தால் வேலை போன சம்பவங்கள் பதிவாகியிருந்தன.

சட்டத்துக்குள் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இந்தப் பட்டியலிலிருந்து பெயர் எடுத்து வசூலுக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. யாராவது செய்தால் பிடிக்க, ஒவ்வொரு அறிக்கையிலும் பத்து பொய்ப் பெயர் வரை சேர்த்துக்கொள்ள சட்டமே அனுமதிக்கிறது. அந்தப் பெயருக்குக் கடிதம் வந்தால் திருடன் அகப்பட்டான். ஆகவே ஃபைலைக் கையாள்கிறவர்கள் ஞாபகம் வையுங்கள், உள்ளே இருக்கிற எல்லோரும் மனிதர்கள் இல்லை!

இன்றைய ஓட்டைகள்

2010-ல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், கம்பெனிகள் தனியாகத் தேர்தல் செலவு செய்வதற்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று நீக்கியது. எல்லோரும் பேசுவது இதைத்தான். அதே வழக்கில், வெளிப்படுத்தும் விதிகள் செல்லும் என்று 8-க்கு 1 தீர்ப்பு வந்தது. இணையம் இருக்கிற காலத்தில் யார் செலவு செய்கிறார்கள் என்பது உடனுக்குடன் மக்களுக்குத் தெரிந்துவிடும் என்பது நீதிபதி கென்னடியின் எதிர்பார்ப்பு.

நடைமுறையில் என்ன ஆனது? "சமூக நல அமைப்பு" என்று பதிவு செய்த ஒன்று தன் நன்கொடையாளர்களைப் பெரும்பாலும் வெளியிட வேண்டியதில்லை. அது, வரம்பில்லாமல் செலவு செய்யும் சூப்பர் பேக் குழுவுக்குப் பணம் கொடுத்தால், ஆணையத்தின் பட்டியலில் அமைப்பின் பெயர் வரும். பின்னால் இருக்கும் ஆள் வரமாட்டார். இதை அடைக்க 2010-ல் கொண்டுவந்த மசோதா பிரதிநிதிகள் சபையைத் தாண்டி செனட்டில் 59-க்கு 39 என்று நின்றுபோனது. தேவைப்பட்டது 60.

காலத்தை வைத்து விளையாடுவதும் தொடர்கிறது. தேர்தலுக்கு முந்தைய அறிக்கை, தேர்தலுக்கு 20 நாள் முன்புவரை வந்த வரவைத்தான் காட்டும். 19-ஆம் நாள் பிறக்கும் ஒரு சூப்பர் பேக், பிரைமரியில் ஒரு காங்கிரஸ் வேட்பாளரைத் தாக்கி விளம்பரம் போட்டால், செலவு 24 மணி நேரத்தில் தெரியும். பணம் கொடுத்தது யார் என்பது ஓட்டு எண்ணிய பிறகே தெரியும். 1910 சட்டத்தின் அந்தப் பழைய முப்பது நாள் கதைதான், புது உடுப்பில்.

இன்னொரு பக்கம், ஆக்ட்புளூ, வின்ரெட் மாதிரி இணைய வசூல் தளங்கள் கையில் வாங்கி வேட்பாளருக்கு மாற்றுவதால், ஒவ்வொரு ரூபாயையும், மன்னிக்கவும், ஒவ்வொரு டாலரையும் பெயரோடு காட்டுகின்றன. அதனால் ஒரு பள்ளி ஆசிரியை கொடுத்த 5 டாலரை ஊர், வேலை உட்பட நான் இங்கிருந்தே பார்க்கலாம். அமைப்பு வழியாகப் பத்து லட்சம் டாலர் கொடுத்தவரைப் பார்க்க முடியாது. நேரடியாக வேட்பாளருக்குக் கொடுத்தால் 200 டாலருக்கு மேல்தான் பெயர் வரும். இந்த 200 என்பது 1979-ல் வைத்தது, இன்றுவரை மாறவில்லை. தனிநபர் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு மட்டும் 1974-ல் இருந்த 1,000 டாலரிலிருந்து 2025-26 தேர்தலுக்கு 3,500 ஆகியிருக்கிறது.

அதனால் இந்தத் தரவை வைத்து யாராவது "எல்லாம் பப்ளிக்காத்தானே இருக்கு" என்று சொன்னால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். பட்டியல் யார் பொறுப்பில் இருந்தது, கூட்டிக் கழிக்கக்கூடிய வடிவத்தில் எப்போது வந்தது, அந்தத் தேதி ஓட்டுப் போடும் நாளுக்கு முன்னாடியா பின்னாடியா. நீங்களும் ஒருமுறை ஆணையத்தின் தளத்தில் ஏதாவது ஒரு பிரைமரியை எடுத்து, விளம்பரம் வந்த தேதியையும் கொடுத்தவர் பெயர் வெளிவந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.